வாடகை வீட்டின் ஏசி யாருடைய செலவு?

பதினான்கு ஆண்டுகள் வாடகை வீடுகளில் குடியிருந்துவிட்டு, கடந்த சில ஆண்டுகளாக எனக்குச் சொந்தமான ஒரு மேல்தள வீட்டை வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு நடுநிலை கைகூடியிருக்கும் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். உண்மையில், எந்தப் பக்கத்தில் இருக்கிறேனோ அந்தப் பக்கத்து நியாயம்தான் எனக்கு முதலில் கண்ணில் படுகிறது. இதை மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், என் வீட்டில் குடியிருந்தவர் அனுப்பிய ஒரு நீண்ட செய்தியைப் படித்தபோது தெரிந்துகொண்டேன்.

அவர் நான்கு வசதிகளைக் கேட்டிருந்தார். படுக்கையறைக்கு ஓர் ஏசி, ஜன்னல்களுக்குக் கொசுவலை, குளியலறையில் அவருடைய தாயார் பிடித்துக்கொண்டு எழுவதற்கு ஒரு கைப்பிடி, சமையலறைக்குப் புகைபோக்கி. மரியாதையாகவும் காரணங்களோடும் எழுதப்பட்ட செய்திதான் அது. அப்படியிருந்தும் படித்து முடித்த உடனே எனக்குள் எழுந்த எண்ணம், “வீட்டைப் பார்த்துவிட்டுத்தானே வந்தார்கள்?” என்பதாகவே இருந்தது.

அந்த எண்ணத்தை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு வீட்டின் வாடகை, அந்த வீடு இருக்கும் நிலைக்குப் பேசப்பட்ட விலை. ஏசி இல்லாத வீட்டுக்கும் ஏசி உள்ள வீட்டுக்கும் ஒரே தெருவில் வெவ்வேறு வாடகை நிலவும்போது, குறைந்த வாடகைக்கு ஒப்புக்கொண்டு வந்தவர், வந்த பிறகு கூடுதல் வாடகை வீட்டின் வசதியைக் கேட்பது, விலை பேசி முடித்த பிறகு எடையைக் கூட்டச் சொல்வதைப் போன்றது. வசதியைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வாடகையை உயர்த்தாமல் இருப்பது தானம். தானம் செய்வதும் செய்யாமல் இருப்பதும் ஒருவருடைய விருப்பம், கடமை அல்ல. இந்த வாதத்தை இன்றும் நான் முழுவதுமாகக் கைவிடவில்லை. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது: வாடகைக்கு வருபவர் வீட்டைப் பார்ப்பது ஒரு மாலை நேரத்தில், இருபது நிமிடம். நடுக்கோடையில் இரவு பதினொரு மணிக்கு அந்தப் படுக்கையறை எப்படி இருக்கும் என்பதை அந்த இருபது நிமிடத்தில் எவரும் அறிய முடியாது. வீட்டின் உரிமையாளருக்கு அது தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு வந்தவர் எதைப் பார்த்தார் என்ற கேள்விக்கு நேர்மையாக விடை சொன்னால், “பார்த்துவிட்டுத்தானே வந்தார்” என்ற வாதத்தின் பலம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

நான் வாடகைக்கு இருந்த காலத்து நினைவு ஒன்றும் குறுக்கே வந்தது. ஒரு வீட்டில் அலமாரி என்று சொல்ல எதுவும் கிடையாது. உரிமையாளரிடம் கேட்டேன், உங்கள் சௌகரியத்துக்கு நீங்களே செய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். ஏறத்தாழ இரண்டு மாத வாடகைக்குச் சமமான செலவில் சுவரோடு சேர்த்துப் பலகை அலமாரிகள் செய்தேன். ஒன்றரை ஆண்டில் வேலை மாறியது. அலமாரிகளைப் பெயர்த்தால் சுவர் கெடும், சுவர் கெட்டால் முன்பணத்தில் பிடித்தம் வரும் என்பதால் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அடுத்து அந்த வீட்டுக்குக் குடிவந்தவர் எனக்குத் தெரிந்தவர். முன்னிலும் அதிக வாடகைக்கு வந்திருந்தார். கூடுதல் எதற்கு என்று அவர் கேட்டதற்கு, “அலமாரி வசதி இருக்கிறதே” என்று விடை கிடைத்ததாம். அந்த விடையை நான் இன்னும் மறக்கவில்லை. சட்டப்படி யாரும் தவறு செய்யவில்லை. இருந்தாலும் என் பணம் மாதாமாதம் இன்னொருவர் கைக்கு வாடகையாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே ஏசிக்கு யார் பணம் தருவது என்று நேரடியாகக் கேட்பதற்கு முன், கேட்கப்படுவது வசதியா, குறையைத் தீர்ப்பதா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. சட்டங்கள் நெடுங்காலமாக இந்தக் கோட்டைப் போட முயன்று திணறியிருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1985-ஆம் ஆண்டின் உரிமையாளர்–வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, குறுகிய கால வாடகை வீடுகளில் கட்டடத்தின் அமைப்பையும் வெளிப்புறத்தையும், தண்ணீர், எரிவாயு, மின்சாரம், கழிவறை, வெப்பமூட்டல் ஆகியவற்றுக்கான சாதனங்களையும் பழுது பார்க்கும் கடமையை உரிமையாளர்மேல் வைத்தது. பழுது பார்க்கும் கடமை மட்டும்தான். மேம்படுத்தும் கடமை இல்லை. அதே ஆண்டில் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒற்றைக் கண்ணாடியும் உலோகச் சட்டமும் கொண்ட ஜன்னல்களில் நீராவி குளிர்ந்து படிந்து, வீடு முழுவதும் ஈரமும் பூஞ்சையுமாகி, துணிமணிகள்கூட உளுத்துப்போகும் நிலை. ஆனால் நீதிமன்றம், ஜன்னல் உடையவில்லை, கட்டப்பட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, எனவே அதைப் பழுது என்று சொல்ல முடியாது, உரிமையாளர் அதை மாற்றித் தரக் கட்டுப்பட்டவர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. தொடக்கத்திலிருந்தே மோசமாகக் கட்டப்பட்ட பொருள் ஒருபோதும் ‘பழுதடைவதில்லை’ என்பது இதன் தர்க்கம். இந்த இடைவெளியை இங்கிலாந்தில் அடைக்க, வாடகை வீடு மனிதர் வாழத் தகுதியுள்ளதாக இருக்க வேண்டும் என்று சொல்லும் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. 2019 மார்ச்சில்தான் அது நடைமுறைக்கு வந்தது.

பழுதுக்கும் மேம்பாட்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்பதை அந்த வழக்கிலிருந்து கற்றுக்கொண்டேன். அதை நான் வீட்டின் பிறவிக் குறை என்று அழைக்கிறேன். அந்தக் குறையைச் சரிசெய்வது தோற்றத்தில் மேம்பாடு போலவே இருக்கும். செலவும் மேம்பாட்டுக்கு ஆவது போலவே ஆகும். ஆனால் அதைக் கேட்பவர் ஆடம்பரம் கேட்பதில்லை.

எது ஆடம்பரம் என்பதும் நிலையான கோடு அல்ல. நியூயார்க் நகரத்தில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் 20 டிகிரியாவது இருக்கும்படி உரிமையாளர் வெப்பம் தர வேண்டும். நியூசிலாந்தில் வாடகை வீட்டின் முதன்மைக் கூடத்தை 18 டிகிரி வரை சூடாக்கும் திறனுள்ள நிலையான வெப்பமூட்டி இருக்க வேண்டும் என்பது விதி. உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலும் குளிர்காலத்துக்கு அதே 18 டிகிரியைத்தான் சொல்கிறது. குளிருக்கு இவ்வளவு விதிகள் இருக்க, வெப்பத்துக்கு மிகச் சில நகரங்களில்தான் இருக்கின்றன. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம், வாடகை வீட்டில் உள்ள ஏசி அறையை 82 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்குக் கீழே கொண்டுவரும் திறனுடன் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. பாலைவனத்து ஊர் என்பதால் அங்கே ஏசி வசதிப் பட்டியலிலிருந்து தேவைப் பட்டியலுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. குழாயில் வரும் தண்ணீரும் வீட்டுக்குள் இருக்கும் கழிவறையும்கூட ஒரு காலத்தில் வசதிப் பட்டியலில்தான் இருந்தன. கோடு நகர்கிறது என்பதை ஒப்புக்கொண்டால், இன்று என் வீட்டுக்கு அது எங்கே நிற்கிறது என்று நான் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

போய்ப் பார்த்தேன். இரவு பத்து மணிக்கு, அவருடைய அனுமதியோடு, ஒரு சாதாரண வெப்பமானியை எடுத்துக்கொண்டு. வெளியே 29 டிகிரி, படுக்கையறைக்குள் 34. நாற்காலியில் ஏறி மேற்கூரையின் அடிப்பகுதியில் கை வைத்தேன்; வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கவாட்டைத் தொடுவது போல இருந்தது. காங்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலை வாங்கிச் சேமித்துக்கொண்டு, சில மணி நேரத் தாமதத்தோடு, மனிதர்கள் படுக்கப் போகும் நேரத்தில் கீழே இறக்கிவிடுகிறது. மின்விசிறி அந்த வெப்பத்தைக் குறைப்பதில்லை. சூடான காற்றைக் கிளறிவிடுகிறது. இந்த அறைக்கு ஏசி கேட்பவர் குளிர்ச்சி கேட்கவில்லை, என் கூரை அனுப்பும் வெப்பத்தை அகற்றத்தான் கேட்கிறார் என்பது அப்போது விளங்கியது.

இங்கேதான் என் கேள்வி இரண்டாக உடைந்தது. கூரை என்னுடையது. மொட்டைமாடித் தளத்தின் சாம்பல் நிறப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் நல்ல வெள்ளைப் பூச்சு, புதிதாக இருக்கும்போது, அதில் 70 விழுக்காட்டுக்கு மேல் பிரதிபலித்துவிடும். தூசியும் பாசியும் படியப் படிய அந்தத் திறன் குறையும் என்பதால் கழுவ வேண்டும், சில ஆண்டுகளுக்கொரு முறை மறுபடி பூச வேண்டும். அந்தச் செலவை வாடகைதாரரிடம் கேட்பது என்பது, என் சொத்தின் பிறவிக் குறையை அவருடைய பணத்தில் திருத்திக்கொள்வதாகும். ஏசி அப்படியல்ல. அது கழற்றி எடுத்துச் செல்லக்கூடியது. எத்தனை மணி நேரம் ஓடும், எத்தனை டிகிரியில் ஓடும் என்பதெல்லாம் அவருடைய விருப்பம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. மின்கட்டணத்தை வாடகைதாரர் கட்டும் வீட்டில், கூரையைக் குளிர்விப்பதால் எனக்கு ஒரு காசும் மிச்சமாவதில்லை. செலவு என்னுடையது, சேமிப்பு அவருடையது. எதிர்த்திசையில், அவர் தன் பணத்தில் கூரைக்குப் பூச்சு அடித்தால், ஒப்பந்தம் முடிந்து போகும்போது அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆகவே இருவருமே செய்யாமல் இருப்பதுதான் இருவருக்கும் ‘புத்திசாலித்தனம்’. உலகெங்கும் வாடகை வீடுகள் சொந்த வீடுகளைவிட வெப்பத்திலும் குளிரிலும் மோசமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று பொருளியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அரசுகள் தலையிடுவதும் இதனால்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆற்றல் திறனில் ஏ முதல் ஜி வரையிலான தரவரிசையில் எஃப், ஜி தரத்து வீடுகளை, சில விலக்குகள் நீங்கலாக, 2018 ஏப்ரல் முதல் புதிதாக வாடகைக்கு விடவும், 2020 ஏப்ரல் முதல் தொடர்ந்து வாடகைக்கு வைத்திருக்கவும் தடை வந்தது. பிரான்சு 2025 ஜனவரி முதல் ஜி தரத்து வீடுகளுக்குப் புதிய வாடகை ஒப்பந்தம் போடுவதைத் தடுத்திருக்கிறது. அப்படி ஒரு விதி என்னைக் கட்டாயப்படுத்தாத இடத்தில், என் மனச்சாட்சியோடு ஒரு கணக்கையும் நானே போட வேண்டியிருந்தது.

அந்தக் கணக்கை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீட்டு வாசல் சச்சரவுகள் இதில்தான் ஒளிந்திருக்கின்றன என்பது என் எண்ணம். ஒரு வசதிக்கு இரண்டு மாத வாடகை அளவு செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பொருள் எட்டு ஆண்டுகள், அதாவது 96 மாதங்கள் உழைக்கும். செலவை அந்த 96 மாதங்களுக்கும் சமமாகப் பரப்பினால், மாத வாடகையில் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுதலாகக் கேட்டால் போதும். வட்டியையும் பராமரிப்பையும் சேர்த்தால் 3 விழுக்காட்டைச் சுற்றி வரும். பெரும்பாலான வாடகைதாரர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் உரிமையாளர் அப்படி நினைப்பதில்லை. இவர் இரண்டு ஆண்டுகளில் போய்விடுவார், அடுத்து வருபவர் இந்த வசதிக்கு மதிப்புக் கொடுப்பாரா என்று தெரியாது, ஆகவே இவர் இருக்கும் 24 மாதங்களுக்குள் போட்ட பணத்தை எடுத்துவிட வேண்டும் என்று கணக்கிடுகிறார். அப்போது அதே வசதிக்கு மாத வாடகையில் 8 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கிறது. வாடகைதாரரின் மனத்தில் 2, உரிமையாளரின் மனத்தில் 8. இருவரும் எண்ணைச் சொல்லாமல் பேசுவதால், ஒருவருக்கு மற்றவர் பேராசைக்காரராகவும், இவருக்கு அவர் நன்றியற்றவராகவும் தெரிகிறார்கள். உண்மையில் அவர்கள் வாதிடுவது ஏசியின் விலையைப் பற்றி அல்ல. வாடகைதாரர் பாதியில் போய்விட்டால் மிச்சத்தை யார் தாங்குவது என்பதைப் பற்றி.

இதை உணர்ந்த பிறகு பேச்சு எளிதானது. எட்டு ஆண்டுகளும் இருப்பேன் என்று எந்த வாடகைதாரராலும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் போகும்போது பொருளை எடுத்துக்கொண்டு போக முடியுமானால் மிச்சம் அவரோடு போய்விடுகிறது. எடுக்க முடியாததானால் மிச்சம் வீட்டோடு, அதாவது என்னோடு தங்கிவிடுகிறது. பொருள் யாரிடம் தங்குமோ அவரே செலவைத் தொடங்குவதுதான் முறை என்ற இடத்துக்கு வந்தேன்.

ஜெர்மனியின் சட்டம் இப்படியொரு கணக்கை எழுதியே வைத்திருக்கிறது. அங்கே உரிமையாளர் வீட்டை நவீனப்படுத்தினால், ஆன செலவில் 8 விழுக்காட்டை ஆண்டு வாடகையில் கூட்டிக்கொள்ளலாம். 2018 முடியும்வரை இது 11 விழுக்காடாக இருந்தது. எப்படியும் செய்ய வேண்டியிருந்த பழுதுபார்ப்புக்கான தொகையை முதலில் கழித்துவிட வேண்டும், சதுர மீட்டருக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பும் உண்டு. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் கூர்ந்து பார்த்தால் பன்னிரண்டரை ஆண்டுகளில் முழுச் செலவும் திரும்பி வந்துவிடும், அதன் பிறகும் கூட்டிய வாடகை தானாக இறங்குவதில்லை. வாடகைதாரர் கேட்காத வசதிகளைச் செய்து வாடகையை ஏற்றி, பழைய குடியிருப்பவர்களை வெளியேற வைக்கிறார்கள் என்ற புகார் அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. வசதி வேண்டாம், பழைய வாடகை போதும் என்று சொல்லும் உரிமையும் ஒரு உரிமைதான்; இந்தப் பேச்சில் அது அடிக்கடி மறந்துபோகிறது.

வாங்கித் தருவதைப் பற்றியே இவ்வளவு பேசுகிறோம். அதற்குப் பிறகு வருவதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இதற்கு முன் இருந்த குடும்பத்துக்கு நான் ஒரு வாட்டர் ஹீட்டர் போட்டுக் கொடுத்திருந்தேன். வாங்கிய செலவு ஒரு முறையோடு முடிந்தது. தொலைபேசி அழைப்புகள் முடியவில்லை. உப்பு மிகுந்த தண்ணீரால் உள்ளே சூடேற்றும் கம்பியின்மேல் சுண்ணாம்பு படிந்தது. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னையே கரைத்துக்கொள்ளும் மெக்னீசியத் தண்டு ஒன்று அதற்குள் இருக்கிறது என்பதோ, அதை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதோ எங்கள் இருவருக்குமே தெரியாது. தொட்டி ஒழுகத் தொடங்கிய நாளில், பயன்படுத்தியவர்கள் நீங்கள்தானே என்று நானும், பொருள் உங்களுடையதுதானே என்று அவர்களும் சொன்னோம். இருவர் சொன்னதும் உண்மை. உரிமையாளர்கள் பலர் முடியாது என்று சொல்வதற்குக் காரணம் முதல் செலவு அல்ல, இந்த முடிவில்லாத இரண்டாம் செலவுதான் என்று நான் நினைக்கிறேன். பொருள் யாருடையது என்பதோடு, அதன் பராமரிப்பு யாருடையது என்பதையும் எழுதி வைக்காமல் எந்த வசதியும் வீட்டுக்குள் வரக்கூடாது.

கடைசியில் நாங்கள் எழுதிக்கொண்டது இதுதான். கூரைப் பூச்சு முழுவதும் என் செலவு. அதற்காக வாடகை ஏறாது. மின்பலகையிலிருந்து படுக்கையறை வரை ஏசிக்கென்று தனி வயரிங், அதற்குத் தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), சரியான எர்த் இணைப்பு ஆகியவையும் என் செலவு, ஏனென்றால் அவை சுவருக்குள் போகின்றன, அவற்றில் ஏதேனும் கோளாறு நேர்ந்தால் எரியப்போவது என் வீடு, உள்ளே இருப்பவர்கள் அவர்கள். ஏசி அவருடையது, அதைப் பொருத்துவதும், வடிகட்டிகளைக் கழுவுவதும், பழுது பார்ப்பதும் அவருடைய பொறுப்பு. குழாய்க்காகச் சுவரில் ஒரு துளை போட்டுக்கொள்ளலாம். போகும்போது எடுத்துச் செல்லலாம், அல்லது நான் ஒப்புக்கொண்டால் எனக்கே விற்கலாம். விலை, எட்டு ஆண்டில் முழுவதும் தேய்ந்துவிடும் என்று வைத்து, மீதமுள்ள ஆண்டுகளுக்கு உரிய பங்கு. இந்த நேர்கோட்டுத் தேய்மானத்தை முதலில் அவர் ஏற்கவில்லை, பத்து ஆண்டு என்றார். பழைய பொருள் சந்தையில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும் என்று நான் சொன்னேன். எட்டில் நின்றோம்.

அளவைப் பற்றியும் ஒரு சிறு விவாதம் நடந்தது. ஏசியில் ஒரு டன் என்பது அதன் எடை அல்ல. ஏறத்தாழ 900 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் திறன், அதாவது 3.5 கிலோவாட். அவர் ஒன்றரை டன் வாங்கத் திட்டமிட்டிருந்தார். பூச்சு அடித்து இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றேன். இரவு பத்து மணிக்கு அறை 31 டிகிரிக்கு வந்திருந்தது. ஒரு டன்னே வாங்கினார். அதில் அவருக்கு மிச்சமான தொகையில் எனக்குப் பங்கில்லை என்பதை, நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம் வருத்தத்தோடுதான் நினைத்துக்கொண்டேன்.

மற்ற மூன்றும் விரைவில் முடிந்தன. கொசுவலை ஜன்னல் சட்டத்தோடு தங்குவது என்பதால் என் செலவு, கிழிந்தால் தைப்பதோ மாற்றுவதோ அவர் செலவு. புகைபோக்கி அவர் விருப்பம். துளை போட அனுமதி மட்டும் கொடுத்தேன், பிறகு அவரே வேண்டாம் என்றுவிட்டார். கைப்பிடியைப் பற்றிப் பேசவே இல்லை, அடுத்த நாளே ஆள் அனுப்பிப் பொருத்தினேன். ஜெர்மனியில் 2020 டிசம்பர் முதல், உடல் இயலாமைக்கான மாற்றங்களுக்கும், மின்வாகன மின்னேற்றத்துக்கும், திருட்டுத் தடுப்புக்கும் வாடகைதாரர் அனுமதி கேட்டால் உரிமையாளர் பொதுவாக மறுக்க முடியாது. ஆனால் செலவு கேட்பவருடையது. அனுமதி என்பது பல நேரங்களில் பணத்தைவிடப் பெரிய உதவி என்பதால் அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் வயதானவர் வழுக்கி விழாமல் இருக்க ஒரு கம்பி வேண்டும் என்னும்போது செலவு உன்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் மேலே போட்ட கணக்குகளுக்கு இது பொருந்தாது என்பது தெரியும். கைப்பிடியின் விலையைவிட அதைப் பற்றிப் பேசச் செலவாகும் நேரத்தின் விலை அதிகம்.

என்னைப் போல வீடு விட்டிருக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, ஒருவருக்குச் செய்தால் அடுத்தவரும் கேட்பார், உனக்குத் தலைவலிதான் என்றார். கேட்கட்டும் என்பதுதான் என் பதில். எனக்கு உறுத்துவது கேட்பவர்கள் அல்லர், கேட்காதவர்கள். அந்த 34 டிகிரி அறையில் இவருக்கு முன் இருந்த குடும்பம் மூன்று கோடைகளைக் கழித்தது. ஒரு முறைகூட வாய் திறக்கவில்லை. கேட்டால் வாடகை ஏறும், அல்லது வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பயந்திருக்கலாம். ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திடுகிறோம் என்றாலும் வீடு தேடி அலைய வேண்டியவர் ஒருவர்தான். ‘அவர் கேட்கவே இல்லையே’ என்பதை ஒரு நியாயமாகச் சொல்வதை நான் அதன் பிறகு நிறுத்திக்கொண்டேன். ஆண்டுக்கு ஒரு முறை, ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில் அல்லாமல் வேறொரு மாதத்தில், வீட்டில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று நானே கேட்கிறேன். புதுப்பிக்கும் மாதத்தில் கேட்டால் அது விலை பேசுவதாகத்தான் காதில் விழும்.

அந்த வாடகைதாரர் இந்த ஆண்டு வீட்டைக் காலி செய்தார். ஏசிக்கு மூன்று கோடை முடிந்திருந்தது. எட்டில் ஐந்து பங்கு விலைக்கு நான் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். போகும் வீட்டில் ஏசி இல்லை என்று சொல்லி அவர் எடுத்துச் செல்லவே விரும்பினார். ஆள் வந்து, குளிர்வாயுவை வெளி அலகுக்குள் இழுத்து அடைத்து, குழாய்களைக் கழற்றி, அரை நாளில் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கைப்பிடியை மட்டும் காட்டி, இதைக் கழற்ற வேண்டாமே என்று அவருடைய தாயார் சொன்னார். கழற்றவில்லை.

அடுத்த வாடகைக்கு விளம்பரம் எழுத உட்கார்ந்தபோது என் கை தானாகவே ‘ஏசி வசதி உண்டு’ என்று எழுதியது. தனி வயரிங் இருக்கிறது, துளை இருக்கிறது, பொய் என்று எவரும் சொல்ல முடியாது. பழைய அலமாரி நினைவுக்கு வந்து அதை அடித்தேன். ‘ஏசி பொருத்திக்கொள்ளத் தனி மின்வழி உண்டு, மேல்தளம் என்பதால் கோடையில் இரவு வெப்பம் இருக்கும், கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினேன். வாடகையைப் பழைய தொகையிலேயே வைத்தேன். இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் வீட்டைப் பார்க்கவே வரவில்லை. மூன்றாவதாக வந்தவர், மாலையில் வரச் சொன்னதற்கு, இரவு பத்து மணிக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டார். சுவரில் உள்ள துளையை ஒரு பிளாஸ்டிக் மூடியால் மூடி வைத்திருக்கிறேன். சிமெண்ட் வைத்து அடைப்பதா வேண்டாமா என்பதை அவர் வந்து பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டும்.